உறவினர் இல்லாத நாட்டுக்கு இரண்டு ரிக்கெற்

1. திரும்பி வந்த கடவுச்சீட்டுகள்

கொழும்பிலிருந்து வந்த உறைக்குள் இரண்டு கடவுச்சீட்டுகளும் ஒரு கடிதமும் இருந்தன. கடவுச்சீட்டுகளில் விசா இல்லை. கடிதத்தில் ஒரே காரணம்தான் எழுதியிருந்தது: அழைத்தவருக்கும் விண்ணப்பதாரிகளுக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை.

யாழ்ப்பாண நகரில் பயண முகவர் நிலையம் ஒன்றில் முப்பது வருடமாக வேலை செய்கிறேன். மறுப்புக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த மறுப்புக்கு முழுக் காரணமும் நான்தான். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், என் கெட்டித்தனத்தைச் சொல்ல அல்ல.

கடவுச்சீட்டுக்காரர்கள் இணுவிலைச் சேர்ந்த தர்மலிங்கம் அண்ணையும் அவருடைய மனைவி புவனக்காவும். அண்ணை முந்திரிகைத் தோட்டக்காரர். இந்தியாவில் திராட்சை என்பதை நாங்கள் முந்திரிகை என்போம். அக்கா ஓய்வுபெற்ற மருத்துவமாது. எத்தனையோ கிராமங்களில், எத்தனையோ ஷெல்லடிக்கு நடுவில், சைக்கிளில் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்த கை. இரண்டு மாதத்துக்கு முன் இருவரும் ஒரு கொப்பித் தாளோடு என் மேசைக்கு வந்திருந்தார்கள்.

அக்கா வாசித்தார். "தென்னாபிரிக்கா. ரெண்டு கிழமை. முதல்லை காட்டு மிருகம். பேந்து ரெண்டு பெரிய நகரம், கடற்கரை. கடைசியிலை இவருக்கு முந்திரிகைத் தோட்டமும் வைன் செய்யிற இடமும்."

எங்கள் தொழிலில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருதரும் இல்லை."

"பின்னை ஆற்றை வீட்டிலை நிப்பியள்?"

"ஹோட்டலிலை" என்றார் தர்மலிங்கம் அண்ணை, இதென்ன கேள்வி என்பது போல.

யார் வீட்டில் தங்குவீர்கள் என்று கேட்டதற்கு என்னைக் குறை சொல்ல வேண்டாம். எங்கள் சனம் விமானம் ஏறுவது கலியாணவீட்டுக்கு, சாமத்தியவீட்டுக்கு, செத்தவீட்டுக்கு, மகளின் பிள்ளைப்பேற்றுக்கு. இறங்கும் இடத்தில் ஒரு மருமகனோ மச்சானோ காரோடு நிற்பான். ஆயிரக்கணக்கான பேரை அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்காவது ஹோட்டலில் அறை எடுத்துக் கொடுத்தது கிடையாது. எங்கள் பைலில் முதல் தாள் எப்போதும் அழைப்புக் கடிதம்தான். அது இல்லாத பைல் எனக்கு மூளியாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து முகவரி போட்ட கடவுச்சீட்டைக் கண்டாலே, போனவர் திரும்பி வருவாரோ என்று பார்க்கிற உலகம் இது. அழைப்புக் கடிதமும் இல்லாமல் எப்படி அனுப்புவது?

ஆகவே ஆளைத் தேடினேன். என் வாடிக்கையாளர் ஒருவரின் தம்பி, அளவெட்டி ஊர்க்காரர், ஜொகன்னஸ்பேர்க்கில் கணக்காளர். நல்ல மனிதர். கேட்டவுடன் "ஊர்ச்சனம் தானே" என்று கடிதம் அனுப்பினார். அதைப் பைலில் வைத்து, "குடும்ப நண்பரைப் பார்க்கப் போகிறார்கள்" என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். என்னை நம்பியதால் அவர்கள் வாசித்துப் பார்க்கவில்லை.

விசாக் கந்தோரில் இருந்து அந்தக் கணக்காளருக்குத் தொலைபேசி போயிருக்கிறது. எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் பொய் சொல்லவில்லை. நேரில் கண்டதே இல்லை என்றிருக்கிறார். பிறகென்ன, கதை கந்தலாகிவிட்டது.

2. புவனக்காவின் கோபம்

தகவல் சொன்ன அடுத்த நாள் காலையில் இருவரும் வந்தார்கள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பப் பிரதியை ஒவ்வொரு வரியாக வாசித்தார். மருத்துவமாது எழுதாத படிவமா? ஓர் இடத்தில் விரல் நின்றது.

"ஆர் இந்த ஆள்?"

சொன்னேன்.

"நாங்கள் ஆற்றையும் வீட்டை போகவெண்டே உம்மட்டைக் கேட்டனாங்கள்?"

"இல்லை அக்கா, பைல் பலமாய் இருக்கட்டும் எண்டுதான்…"

"தொண்ணூற்றைஞ்சிலை சண்டையிலை இடம்பெயர்ந்து தென்மராட்சியிலை ஆற்றையோ வீட்டு விறாந்தையிலை அஞ்சு மாசம் கிடந்தனாங்கள். அந்தச் சனம் தங்கமான சனம். எண்டாலும் தேத்தண்ணி குடிக்கவும் முகம் பாத்துத்தான் குடிச்சனாங்கள். கனடாவிலை மகன்ரை வீட்டிலை ஆறு மாசம் நிண்டனான். அங்கை என்ன கண்டனான்? உடுப்புத் தோய்க்கிற மெசினையும் யன்னலையும். எனக்கு இப்ப அறுபத்தாறு வயது. ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஆற்றை முகத்தையும் பாக்காமல் என்ரை பாட்டிலை ஒரு நாட்டைப் பாக்கவேணும். அதைத்தானே கேட்டனான்? நீர் அதுக்குள்ளையும் ஒரு வீட்டுக்காரனைக் கொண்டந்து வைச்சிட்டீர்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. தர்மலிங்கம் அண்ணைதான் மெல்லச் சொன்னார்: "விடு. பிள்ளை நல்லதுக்குத்தான் செய்தது." நல்லதுக்குச் செய்ததுதான் என்னைக் கூடுதலாகச் சுட்டது.

"திரும்பப் போடுவம் அக்கா" என்றேன். "இந்தமுறை நீங்கள் சொல்லுறதை மட்டும் எழுதுறன்."

3. முதலாளியும் மகனும்

முதலாளிக்கு விருப்பமில்லை. கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர்.

"ரஜனி, இனசனம் இல்லாத நாட்டுக்கு ஆராவது போவினமே? ரெண்டாந்தரமும் மறுத்தால் எங்கடை கந்தோரின்ரை பேரெல்லோ கெடும். உவையை நுவரெலியாவுக்கு அனுப்பிவிடும். குளிர் இருக்கு, பூந்தோட்டம் இருக்கு. காணும்தானே?"

"நுவரெலியாவிலை ஒட்டகச்சிவிங்கி இல்லை ஐயா."

"அதைப் பாத்து இந்த வயதிலை என்ன செய்யப்போகினம்?"

அந்தக் கேள்விதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் அரைக் காற்சட்டையோடு எங்கள் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். இந்த வயதில் கோட்டையைப் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. இளநீர் வெட்டிக் கொடுக்கிறோம். நாங்கள் மட்டும் ஓடினால்தான் நாடு விட்டு நாடு போகலாமா? அழவும் ஆக்கிப்போடவும்தான் விமானம் ஏறலாமா? சும்மா பார்க்கப் போவதற்கு எங்களுக்கு உரிமை இல்லையா? "பைல் என்ரை பொறுப்பு ஐயா. பிழைச்சால் என்ரை பேரைச் சொல்லுங்கோ" என்றுவிட்டு என் மேசைக்குப் போனேன்.

அன்று பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து புவனக்காவின் மகன் கோபி தொலைபேசி எடுத்தான். அவர்கள் குடும்பத்து விமான ரிக்கெற் எல்லாம் என்னிடம்தான்.

"அன்ரி, திரும்ப அப்பிளை பண்ணாதேங்கோ. இன்னொருக்கா மறுத்தால் கனடா விசாவுக்கும் கரைச்சல் வரும். அம்மா இங்கை வந்து பிள்ளையளோடை நிக்கவேணும். கிடைக்காதாம் எண்டு சொல்லிவிடுங்கோவன்."

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. மறுப்புக்கு மேல் மறுப்பு விழுந்தால் அடுத்த விசாவில் கேள்வி வரும். ஆனால் பொய் சொல்லச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பொய்யால் பட்டது போதும்.

"தம்பி, உது உங்கடை அம்மான்ரை பைல். உங்கடை இல்லை. கரைச்சல் வருமெண்டு அவவிட்டை நீங்களே சொல்லுங்கோ."

சொல்லியிருக்கிறான். "வந்தால் வரட்டும்" என்றாராம் அக்கா.

4. பதின்மூன்று இரவுகள்

முப்பது வருட அனுபவக்காரி, மாணவி போல இருந்து படித்தேன். வரைபடத்தை விரித்து வைத்துத் தூரம் பார்த்தேன். இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் அடைத்தால் அவர்கள் காரிலேயே வாழ வேண்டிவரும். ஜொகன்னஸ்பேர்க்கில் இரண்டு இரவு, மிருகங்களுக்கு நாலு, பிறகு உள்ளூர் விமானத்தில் கேப் டவுன், அங்கிருந்து கடற்கரை, கடைசி மூன்று இரவும் முந்திரிகைத் தோட்டங்களுக்கு நடுவே. மிருகம் பார்க்கும் இடத்தை இரண்டு நாளாகக் குறைக்கலாமா என்று கேட்டேன்.

"மாட்டன்" என்றார் அக்கா. "ஒட்டகச்சிவிங்கி நிண்டபடிதான் குட்டி போடுமாம். அவ்வளவு உயரத்திலையிருந்து விழுந்தும் குட்டி எழும்பி நடக்குமாம். பேறு பாக்கக் கிடைக்காட்டிலும் ஒரு பச்சைக் குட்டியையாவது நான் பாக்கவேணும்."

அண்ணைக்குத் திகதிதான் பிரச்சினை. அங்கே மாசியில்தான் பழம் வெட்டுவார்களாம். அதைப் பார்க்க வேண்டும். இங்கே தன் கொடியைக் கத்தரித்துவிட்டுப் போகவும் முடியாது. கத்தரித்தால் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நிற்க வேண்டும். "வந்துதான் வெட்டுவன். கொடி ரெண்டு கிழமை பொறுக்கும்" என்று முடிவெடுத்தார்.

பதின்மூன்று இரவுக்கும் அறை எடுத்தேன். அழைப்பவர் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். நோக்கம் என்ற இடத்தில் "விடுமுறை" என்று, கேட்டால் சிரிப்பீர்கள், முப்பது வருடத்தில் முதன்முறையாக எழுதினேன். முந்தைய மறுப்பையும் மறைக்கவில்லை. முதல் பைலில் இருந்த அழைப்புக் கடிதத்தை ஏற்பாடு செய்தது நான், விண்ணப்பதாரிகள் கேட்கவில்லை என்று என் பெயர் போட்டு ஒரு தாள் வைத்தேன்.

5. கொழும்பில் பத்து நிமிடம்

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் ரயிலில் கூடப் போனேன். உள்ளே விடவில்லை. நடந்ததை அக்கா வெளியே வந்து சொன்னார்.

அதிகாரி அக்காவிடம் ஆங்கிலத்தில் முதலில் கேட்டது நான் கேட்ட அதே கேள்விதான். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

"ஒருதரும் இல்லை. அதாலைதான் போறம் எண்டனான்" என்றார் அக்கா.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாராம். பிறகு மொழிபெயர்ப்பாளர் மூலம் அண்ணையிடம் திரும்பி, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நான் எப்படி நம்புவது என்றாராம். அண்ணை தொலைபேசியில் இருந்த தோட்டத்துப் படத்தைக் காட்டியிருக்கிறார்.

"நான் அங்கை நிண்டிட்டால் இந்தக் கொடியை ஆர் வெட்டுறது, நீங்களே?"

மொழிபெயர்த்தவர் சிரித்துவிட்டாராம். அதிகாரி சிரிக்கவில்லை. அக்கா விடவில்லை. "ஐயா, ஊரே ஓடின காலத்திலை சனத்துக்குப் பேறு பாக்கவேணுமெண்டு திரும்பி வந்தனான். நாட்டைவிட்டு ஓடவேண்டிய நேரத்திலை ஓடாதவள் இப்ப ஏன் ஓடப்போறன்?"

"கொஞ்சம் கூடிப்போச்சோ தெரியேல்லை" என்றார் என்னிடம். திரும்பும் ரயிலில் வவுனியா தாண்டும் வரை நான் என் வேலையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு இருந்தேன். கிடைக்காவிட்டால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது?

எட்டாம் நாள் விசா வந்தது. இருவருக்கும். கடவுச்சீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பெரிய மனுசி என்றும் பாராமல் கவுண்டரில் இருந்தபடியே அழுதேன்.

6. பிறகு

போனார்கள், பார்த்தார்கள், சொன்ன திகதிக்கு வந்தார்கள். பேறு பார்க்கக் கிடைக்கவில்லை. ஆனால் கால் இன்னும் தள்ளாடுகிற ஒரு குட்டியை அக்கா கண்டிருக்கிறார். படத்தைக் கந்தோரில் எல்லோருக்கும் காட்டினார், முதலாளிக்கு இரண்டு தரம். ஜொகன்னஸ்பேர்க்கில் அந்தக் கணக்காளரைத் தேடிப்பிடித்து, அவரைத் தங்கள் ஹோட்டலுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். அண்ணைக்கு வைன் பிடிக்கவில்லை. "வாயிலை விட்டிட்டுத் துப்பினன். அங்கை எல்லாரும் துப்பினம். பழத்தைத் தின்னாமல் ஏன் இந்தக் கரைச்சல்?" ஆனால் பந்தல் போடாமல் வேலி போல வரிசையாகக் கொடி வளர்ப்பதைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

நான் படித்த பாடம் சின்னது. வாடிக்கையாளர் சொன்ன காரணத்தை நம்புங்கள். அது உங்களுக்குப் புதுமையாக இருந்தால் பிழை உங்களில்தான். பைலைப் பலப்படுத்துகிறேன் என்று அவர்களைச் சின்னவர்களாக்காதீர்கள்.

இந்தச் சித்திரைக்குப் பிறகு அக்கா திரும்ப வந்தார். கோபி பயந்தபடி கனடா விசாவுக்குக் கேள்வி வந்தது, ஆனால் கிடைத்துவிட்டது.

"ரொறன்ரோவுக்கு ரெண்டு ரிக்கெற் போடும். மகன்ரை வீட்டுக்குக் கிட்ட ஒரு ஹோட்டலும் பாரும்."

"ஹோட்டலோ? மகன் வீடு இருக்கேக்கையோ அக்கா?"

"காலமை போய்ப் பேரப்பிள்ளையளைக் கொஞ்சுவன். சமைச்சும் குடுப்பன். பின்னேரம் என்ரை அறைக்கு வந்து காலை நீட்டுவன். அடுத்தநாள் அந்த நாட்டைப் பாக்கப் போவன். போனமுறை பாக்கேல்லைத்தானே."

அன்றைக்கே கோபி எடுத்தான். குரல் அழுமாப்போல இருந்தது.

"அன்ரி, பெத்த பிள்ளை இருக்க அம்மா ஹோட்டலிலையோ? ஊர்ச்சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் தம்பி" என்றேன். "அறை புக் பண்ணியாச்சு."