பாக்ஸ்டர் வாத்தியாரின் வாசற்கல்

பெயரைக் கேட்டால் முதலில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார், பிறகுதான் சொல்கிறார்: "பாக்ஸ்டர் அருமைநாயகம்." பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு எதற்கு என்றால், "எங்க பக்கம் குளிர் கூடுதல் வே, பழகிப்போச்சு" என்பார். அவருடைய பக்கம் ஸ்காட்லாந்து. திசையன்விளையைத் தாண்டி அவர் போனதில்லை.

மிஷன் விடுதியில் சிறுவனாகச் சேர்ந்தபோது அவருடைய சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பியவள் ஸ்காட்லாந்துச் சீமாட்டி ஒருத்தி. அப்படிப் படியளந்தவர்களின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது விடுதி வழக்கம். மற்றப் பிள்ளைகள் வளர்ந்ததும் அதைச் சிறுத்துப்போன சட்டையாகக் கழற்றிவிட்டார்கள். இவர் அதற்குள் குடியேறிவிட்டார். குடைப்பிடியில் பாக்ஸ்டர், கோழிக்கூட்டில் பாக்ஸ்டர். வகுப்பில் மனிதர் யாவரும் சமம் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "எங்க வம்சத்துல வாள் பிடிக்காத கை கிடையாதுடே" என்று முடிப்பார். அந்தக் கை சமையற்கட்டுக்குள் மட்டும் நுழைந்ததில்லை. குடிதண்ணீரைக்கூட மனைவி ஜெபராணிதான் மொண்டு தர வேண்டும்.

இந்த வருஷம் சொந்தமாக வீடு கட்டினார். நிலைக்கு மேலே ஒரு கல்லை வெறுமையாக விட்டு, குலச்சின்னம் என்னவென்று கேட்டுச் சீமைக்கு எழுதினார். வெள்ளிக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டைக்குப் பாதிரி ஐயர் வருகிறார், சபையே வருகிறது. அழைத்த வீட்டிலெல்லாம், "சிங்கமா வாளான்னுதான் தெரியணும்" என்று சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை பதில் வந்தது. கல்தச்சர் சங்கிலிபூதத்தான் உளியோடு நிற்க, வாத்தியார் கடிதத்தைத் தமிழாக்கி உரக்க வாசித்தார். பாதியில் நிறுத்திக் கடிதத்தைத் தாழ்த்தினார். விடுதியில் படித்த ஜெபராணி வாங்கி மீதியை வாசித்தாள். சீமாட்டியின் மகள் எழுதியிருந்தாள்: எங்களுக்குச் சின்னம் ஏதுமில்லை. பாக்ஸ்டர் என்றால் எங்கள் பழம்பேச்சில் ரொட்டி சுடுகிறவர். ஆதியில் அது ரொட்டி சுடும் பெண்களுக்கே வழங்கிய பெயர். ஆண்கள் அடுப்படிக்குப் பிந்தி வந்து பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ரொட்டிக் கடை இன்றும் நடக்கிறது. நீங்கள் வந்தால் சூடாகத் தருவோம்.

ஜெபராணி கடிதத்தை மடித்தாள். "இருவது வருசமா அடுப்புல வேகுதது நானு. அப்பம் இந்த வீட்டுல பாக்ஸ்டர் நான்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தச்சர் பைய நெருங்கினார். "சிங்கத்தையே கொத்திருவோம், சார்வாள். கடுதாசி வந்தது யாருக்குத் தெரியும்?"

"பிரதிஷ்டை வீட்டுல பொய்யையா வே கொத்தச் சொல்லுதீரு?"

"அப்பம் சும்மா விட்டுருவமா? வாரவுக கேப்பாகளே."

வாத்தியார் கரித்துண்டை வாங்கினார். ஏணியில் ஏறிக் கல்லின் நடுவே உருண்டையாக ஒரு ரொட்டி வரைந்தார். மேலே இரண்டு கீறல் போட்டார். தலையைச் சாய்த்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ரொட்டியின் தலையில் சின்னதாக ஒரு கிரீடத்தை வைத்தார்.