மேலே கரண்ட் போச்சு

காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர். இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். பொய்யில்லை, வாங்கத்தான் போனேன். நடுவில் விமானம் ஏறப்போவதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் விடுவாளா? "என் தம்பி ஓட்டுற பிளேன்ல மட்டும் நீங்க ஏறவே கூடாது" என்று என் மனைவி ஸ்டெல்லா எப்போதோ தடை போட்டுவிட்டாள்.

அந்தத் தம்பி அருள், ஓசூர்ப் பக்கம் ஒரு சின்ன ஓடுதளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டே சீட். கதவை எங்கள் பீரோ கதவு மாதிரி இரண்டு தரம் அடித்துச் சாத்த வேண்டியிருந்தது.

கிளம்பும்போது, ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் முனிராஜ் ஓடி வந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறவர். "புல்லு வெட்ற டிராக்டர் ரன்வேயில குறுக்க போய்ட்டு வரும் சார். எறங்கறதுக்கு முந்தி ரேடியோல ஒந்து மாத்து, ஒரே வார்த்தை, சொல்லிடுங்க, எடுத்துடறேன்."

எட்டரைக்கு மேலே போனோம். கிருஷ்ணகிரி அணை, மாந்தோப்புகள், பாரூர் ஏரி, சுற்றிலும் நெல்லும் கரும்பும். அடடா, நம்ம ஊரா இது! எங்கள் ஓட்டு வீட்டையும் தேடினேன். வாசலில் துணி காயப்போடும் உருவம் ஸ்டெல்லாதான் என்று தோன்றியதும் சட்டென்று குனிந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அருள் ஒரு சுவிட்சை அணைத்து மறுபடி போட்டான். விளக்கு அணையவில்லை.

"என்னாச்சு மாப்ளே?"

"கரண்ட் போச்சு மாமா."

உடனே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், மற்றவர்களுக்கு இருக்கிறதா என்று. நாற்பது வருஷப் பழக்கம், எங்கே போகும்?

அப்புறம்தான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. "இஞ்சின் நின்னுடுமா?"

"நிக்காது. அதுக்கு வேண்டிய தீப்பொறிய அதுவே உண்டாக்கிக்கும். கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர்தான் படுத்துருச்சு. மத்ததெல்லாம் இனிமே பேட்டரி தாங்குற வரைக்கும்தான்."

விளக்குகளையும் வேண்டாத கருவிகளையும் ஒவ்வொன்றாக அணைத்தான். கரண்ட் போனதும் "ஒரு ஃபேன் போதும்" என்று ஸ்டெல்லா வீடு முழுக்க அணைத்துக்கொண்டே வருவாள். ஒரே ரத்தம்! ஆனால் அந்த பேட்டரியும் என் வீட்டு பேட்டரி ஜாதிதான். ஓசூர் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் ரேடியோ கரகரவென்று இழுத்துச் செத்தது. ஓடுதளத்தின் நட்டநடுவே டிராக்டர் நின்றது.

அருள் தாழப் பறந்து இறக்கையை ஆட்டிக் காட்டினான். டிராக்டர்காரர் சந்தோஷமாகத் துண்டை ஆட்டிப் பதில் சொன்னார்.

"முனிராஜுக்குப் போன் போடுங்க மாமா, சீக்கிரம்!"

நம்பர் சொன்னான். முதல் தரம் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர் பிடித்து, ஒரு அம்மா கன்னடத்தில் நிதானமாக ஏதோ சொன்னாள். மறுபடி போட்டேன். எடுத்தார்.

"முனிராஜண்ணா, கரண்ட் போச்சு!"

"இங்க இருக்குதே சார். உங்க லைன்ல மட்டும் போயிருக்கும். யாரு பேசறது?"

"மேலேருந்து பேசறேன்யா!"

"மேலேன்னா எந்த மாடி சார்?"

"ஆகாசத்துல! டிராக்டரை எடுய்யா!"

"ஐயோ தேவுடா!"

கையை வீசிக்கொண்டு அவர் ஓடியது மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. டிராக்டர் புல்லுக்குள் இறங்கியது. இறங்கும்போது வேகம் குறைக்க இறக்கையில் ஒரு மடிப்பு நீளுமாம், அதற்கும் கரண்ட் வேண்டுமாம். அது இல்லாமலே போன வேகத்தில் இறங்கினோம். மாதாவே என்று கண்ணை மூடினேன். ஒரு குதி குதித்து, ஓடி ஓடி, ஓடுதளம் முடிகிற இடத்தில் நின்றோம். பயந்தே போயிருந்தேன்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றான் அருள்.

"எனக்கென்ன பைத்தியமா?"

பேட்டரியோடு மத்தியானம் வீடு சேர்ந்தேன். மாட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் தெருவுக்கே கரண்ட் போனது. ஃபேன் நிற்கவில்லை. "பரவாயில்லையே, போன வேலைய ஒழுங்கா முடிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றாள் ஸ்டெல்லா. அவள் வாயால் அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அப்போது என் போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

"யாரோ முனிராஜாம். மேலே போன கரண்ட் வந்துருச்சான்னு கேட்டுச் சிரிக்கிறாரு." ஸ்டெல்லா ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நம்ம வீட்டுல ஏதுங்க மேலே?"

புது பேட்டரியில் ஃபேன் ஜோராகச் சுற்றியது. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.