பாக்கியவதி அக்கா அடித்த கடைசித் தாள்

பாக்கியவதி அக்காவுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று வாய் கூசாமல் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நான் ஜோசப்ராஜ். புனே சாங்வியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அக்கா எங்கள் தமிழ்ச் சபை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்த்தவர். பாளையங்கோட்டையில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கல்யாணமாகிப் புனே வந்தவர். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு முன்னால் கையில் கொடுக்கிறார்களே அறிவிப்புத் தாள், அது முழுக்க அவர் விரல் வேலை. கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். பேசிக்கொண்டே அடிப்பார்.

போன மாதம் அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார்கள். கமிட்டியில் ஐ.டி. விஷயங்களைப் பார்க்கும் ஜேடனின் முடிவு அது. முடிவில் குற்றமில்லை, அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு நானும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் தமிழுக்கு, ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாறும் முறையை வைத்துவிட்டுப் போனான். புனேயிலேயே வளர்ந்த அவன், எல்லாரும் தமிழ் அடிப்பது அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். டைப்ரைட்டர் பழகியவர்களுக்கு எழுத்து வரிசையே வேறு என்பது அந்தப் புத்திசாலிக்குத் தெரியாது. சரி, தெரியவேண்டாம். யாருக்காகப் போடுகிறோமோ அவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கக் கூடாதா? என்ன திமிர்!

அக்கா அடித்தால் திரையில் கன்னாபின்னாவென்று வந்தது. மூன்று ஞாயிறு கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தார்.

"பழகிக்குங்க ஆன்ட்டி, சின்னப் பசங்களே பண்றாங்க" என்றான் ஜேடன்.

நாலாவது ஞாயிறு, சபை முழுக்க இருக்கும்போது மைக்கைப் பிடித்தான். "ஆன்ட்டிக்குப் புது சிஸ்டம் செட் ஆகல. ஸோ, தமிழ் ஷீட் இனிமே இல்ல. இங்கிலீஷ் மட்டும்."

மறுநாள் அக்கா என் கடைக்கு வந்தார். "தம்பி, எனக்கு மண்டையில ஏறலன்னு மைக்குல சொல்லுதான். பக்கத்துல என் மருமவன் நிக்கான். எனக்கு எப்படி இருக்கும்?"

உடனே கூடப் போனேன். ஒரே ஒரு மாற்றம், டைப்ரைட்டர் முறையைச் சேர்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா உட்கார்ந்து மடமடவென்று அடித்தார். ஜேடன் வந்து எட்டிப் பார்த்தான்.

"க்யா பாத் ஹை ஆன்ட்டி! சூப்பர்!"

திரையைப் போட்டோ எடுத்தான். ஆன்ட்டி ஒருவழியாகக் கற்றுக்கொண்டார் என்று ஆங்கிலத்தில் எழுதி, சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அக்கா தடுக்கவில்லை. எனக்குத் தமிழ் வாசிக்க வரும், நானும் தடுக்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் அவன் அம்மா கரோலின் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏல, என்னத்தப் போட்டிருக்க?"

"சண்டே அனௌன்ஸ்மென்ட்மா."

"மூதி! வாசிக்கத் தெரியலன்னா எங்கிட்ட கேக்க வேண்டியதுதான? அக்கா என்ன எழுதியிருக்காவ, கேளு. 'எனக்கு வேலை தெரியாது என்று ஊரறியச் சொன்ன இடத்தில் இனி ஒரு நாளும் உட்கார மாட்டேன். இன்றோடு விலகுகிறேன். அடுத்து வருகிறவரிடமாவது, எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.'"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எழுத்துப்பிழை இருக்கா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லக்கா."