பத்தாய வீட்டு வாசற்படி

நான் விலைக்கு வாங்கிய மிராசு வீட்டில் இன்று பத்தாயத்தைத் திறந்ததும் பழைய நெல்லின் மக்கிய வாடை முகத்தில் அடித்தது. இப்போது சிமெண்ட் போட்டு மூடிவிட்ட கொல்லைக்களத்தில், சின்ன வயதில் கழுத்தில் நெல் சுணை அரிக்க நான் சுருண்டு கிடக்க, அம்மா இருட்டும்வரை முறத்தில் புடைத்துக்கொண்டேயிருப்பாள். கிளம்பும்போது தினமும் வாசற்படியில் பெரிய மிராசுதார் நின்று, "மடிய உதறிட்டுப் போடி" என்பார். அவள் உதறுவாள், ஒரு நெல்மணி விழாது, அப்போதும் குனிந்து தேடுவார்.

"ஏழு தலைமுறை உக்காந்து சாப்பிடலாம்" என்று பீற்றிக்கொண்டவர் அவர்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிய அவருடைய பேரனை நிறுத்தினேன்.

"தம்பி, சட்டைப் பைய உதறிக் காட்டிட்டுப் போங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் உதறினார். கும்பகோணம் பஸ் டிக்கெட் ஒன்று விழுந்தது.

"அத எடுத்துக்குங்க" என்றேன்.