நாற்பது வினாடி ஏன்

பெரம்பலூரில் ஒரு பத்திர எழுத்தர் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக டைப் அடிக்கிறேன். படிப்பு பிளஸ் டூ. எழுத்தர் சொல்லச் சொல்ல அடிப்பேன். வருகிறவர்கள் என்னிடம் பேச மாட்டார்கள், நானும் பேச மாட்டேன். காதுக்கும் கைக்கும்தான் வேலை. எனக்கு அது வசதியாக இருந்தது.

அண்ணன் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதுகிறவர். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் மேடைகள் சிலவற்றில் அவர் எழுதிய ப்ரோகிராம் ஓடுகிறது. திருச்சியில் உள்ள ஒரு சின்னக் கம்பெனிக்காகக் குரும்பலூர் வீட்டில் இருந்தபடியே செய்தார். நரம்பு வியாதி வந்து முதலில் விரல் போயிற்று, பிறகு மணிக்கட்டு. அடுத்து பேச்சு போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி பகலில் வேலைக்குப் போய்விடுவார். நான் ஆபீஸில் அரை நாள் கேட்டு வாங்கி, மத்தியானம் டவுன் பஸ்ஸில் போய் அவருக்கு டைப் அடித்துக் கொடுத்தேன்.

ப்ரோகிராம் முடிந்திருந்தது. விளக்கம்தான் பாக்கி. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அது எதற்காக இருக்கிறது என்று எழுத வேண்டும். வரி தொடக்கத்தில் மூன்று சாய்கோடு போட்டால் கம்ப்யூட்டர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது, மனுஷர் படிக்க எழுதியது என்று விட்டுவிடும். அதற்குப் பின் ஒரு ஹாஷ் போட்டால் தலைப்பு. சொல்லின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. சின்னக் கோடு போட்டுப் போட்டு எழுதினால் பட்டியல். கடைசியில் ஒரு கட்டளை கொடுத்தால் குறிகள் எல்லாம் மறைந்து, அச்சடித்த புத்தகம் மாதிரி ஒரு பக்கம் திரையில் வந்து நிற்கும். ஃபைல் தானாகவே திருச்சிக் கம்பெனிக்கும் போய்விடும்.

முதல் நாள் நான் அடித்ததெல்லாம் ஒரே பாராவாக ஒட்டிக்கொண்டு வந்தது. பத்திரத்தில் நாங்கள் வெற்று வரி விடவே மாட்டோம். இடம் கிடந்தால் பின்னால் யாராவது எதையாவது எழுதிச் சேர்த்துவிடுவார்கள் என்று பயம். இங்கே ஒரு வரி காலியாக விட்டால்தான் அடுத்த பாரா பிரியுமாம்.

அண்ணன் திரையைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் பாப்பா, நாலு எல்லையும் போட்டுட்டியா? கையெழுத்து எங்க போடணும், சொல்லு."

"கிண்டல் பண்ணாதண்ணா."

"வரி வுடு. நம்ம வூட்டு எடத்துல எவன் வந்து கொட்டாய் போடப் போறான்?"

எனக்கு நாற்பத்தேழு வயது. அவருக்கு மட்டும்தான் நான் பாப்பா.

அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது குறி எதுவும் இல்லை. "என்ன செய்யுதுன்னு எழுதாத. அத ப்ரோகிராமே சொல்லும். ஏன் செய்யுதுன்னு எழுது. அது என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு." ஒவ்வொரு பகுதியும் அடித்ததும் நான் உரக்கப் படிப்பேன். 'ஏன்' வந்திருந்தால் "சரி, அடுத்தது" என்பார். வராவிட்டால் தலையை ஆட்டுவார், திரும்பச் சொல்லுவார். பேச்சு போவதற்குள் எல்லா 'ஏன்'னும் வந்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பதற்றம். மாத்திரையைக் கூட மறப்பார், இதை மறக்க மாட்டார்.

திரையில் வரும் பக்கத்தில் தெரியாமல் எழுதுவதற்கும் ஒரு குறி உண்டு. கூர் அடைப்புக்குறிக்குள் ஒரு ஆச்சரியக்குறியும் இரண்டு கோடும் போட்டு எழுதினால் ஃபைலுக்குள் இருக்கும், பக்கத்தில் வராது. நான் அதில் எனக்காக அடையாளம் வைத்துக்கொள்வேன். 'இருமல், இங்கே நிறுத்தினோம்.' 'கஞ்சி குடித்த பிறகு இங்கிருந்து.' பக்கத்தில் வராததை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் கடைசிப் பகுதிக்கு வந்தோம். எடை நிலையாக நிற்காவிட்டால் ப்ரோகிராம் நாற்பது வினாடி காத்திருந்து மறுபடி எடுக்கும். அதை அடித்துவிட்டு 'ஏன்' கேட்பதற்காகத் திரும்பினேன். அண்ணன் கண் மூடியிருந்தது. அன்று காலையிலிருந்தே ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. கேட்டு எழுத எனக்கும் முடியவில்லை. முதுகு வலி, ஐந்தரை பஸ், வீட்டில் அரைக்காத மாவு. அதையெல்லாம் நான் நினைத்தது உண்மை.

கண் திறந்தவர், "முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுண்ணா."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்தது. பல மாதமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் தூங்கிய பிறகு, மறைக்கும் குறிக்குள் 'அண்ணன் இதற்கு ஏன் என்று சொல்லவில்லை. முடிந்தது என்று நான் பொய் சொன்னேன்' என்று அடித்துவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பின் பதினோரு நாள் இருந்தார். முதல் நான்கு நாள் பேச்சும் இருந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த முகம் போய்விடும் என்று கேட்கவில்லை.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்துக் கம்பெனியில் அவருடைய வேலையை இப்போது பார்க்கிற இளைஞர் போன் செய்தார். "அக்கா, எல்லாம் ரொம்பத் தெளிவா இருக்கு. அந்த நாப்பது வினாடிக்கு மட்டும் ஏன்னு இல்ல. லாரிக்காரங்க சத்தம் போடுறாங்க, பத்தாக் கொறச்சிடலாமான்னு மேல கேக்குறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க உள்ள எழுதுனதையும் பாத்தேன்க்கா. ஃபைலத் தொறந்தா எல்லாருக்கும் தெரியும்க்கா. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார்.

போனை வைத்த பிறகும் காது எரிந்தது. இருமல், கஞ்சி, பொய், எல்லாவற்றையும் முகம் தெரியாதவர்கள் படித்திருக்கிறார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். நான் தனியாக ஒரு இடத்துக்குப் போய் ஆளிடம் கேள்வி கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அண்ணன் அடிக்கடி போய்வந்த எடை மேடை ரயில்பாதையை ஒட்டி இருந்தது. சுற்றிலும் செடி, இலை எல்லாம் சாம்பல் பூத்த தூசி. ஜன்னலுக்கு உள்ளே என் வயதுக்காரர் ஒருவர் தலையைத் தூக்காமல், "லோடா, காலியா?" என்றார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"லோடா காலியான்னு கேக்குறேன்ல?" என்று நிமிர்ந்தவர் சிரித்துவிட்டார். "அட, நீங்களா? லாரின்னு நெனச்சேன். என்னங்க வேணும்?"

யாருடைய தங்கை என்று சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். சேதி அவருக்குத் தெரிந்திருந்தது. உட்காரச் சொல்லி ஸ்டூலைத் தள்ளினார். "இதுலதாங்க ஒக்காருவாரு. மூணு நாள் வந்தாரு. கூட்ஸ் போறப்பல்லாம் வாட்சப் பாத்துக்கிட்டு இருந்தாரு. என்ன சார், ரயில் புடிக்கணுமான்னு கேட்டேன். இல்லய்யா, ரயில் உன் மேடையப் புடிக்குதுன்னாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்ஸ் வந்தது. மேடையில் ஒரு லாரி நின்றிருந்தது. எடை காட்டும் கருவியில் சிவப்பு எண்கள் ஏறின, இறங்கின, நிற்கவே இல்லை. கடைசிப் பெட்டி போன பிறகும் ஆடின. அவர் வாய்விட்டு எண்ணினார், நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பத்தேழில் எண் நின்றது.

"ரெண்டு மூணு கூட வச்சிருக்காரு. பத்துல எடுத்தா எவன் எடையும் எவனுக்கும் சரியா வராது."

எதற்கும் குறித்துக்கொள்ளலாம் என்று பையில் பேனா தேடினேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியிருந்ததைக் காட்டினார். 36, 38, 35, 37. அண்ணன் எழுத்து இல்லை.

"நான் எழுதுனதுங்க. பேனா அவரு கையில நிக்கல. தூசி ஒத்துக்கலய்யா, நீ எழுதுன்னாரு. வூட்டுல சொல்லாதன்னு வேற சொன்னாரு. உங்கள எல்லாம் எனக்கு எங்க தெரியும்?"

கை போகிறது என்று அண்ணன் எங்களிடம் சொன்னது அந்தக் காலண்டர் தேதிக்கு ஒரு வருஷம் கழித்து. அந்த ஒரு வருஷம், வீட்டுக்குத் தெரியாமல் சொல்வதைக் கேட்டு எழுத அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது நான் இல்லை. எண்களை எழுதிக்கொள்ளாமலே தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் குரும்பலூர் போய் அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மறைத்து எழுதியிருந்த வரியை அழித்தேன். ஒரு வரி காலியாக விட்டு, மூன்று சாய்கோடு போட்டு, 'ஏன்: பக்கத்தில் கூட்ஸ் வண்டி போனால், கடைசிப் பெட்டி கடந்த பிறகும் மேடை முப்பத்தெட்டு வினாடி வரை ஆடும். நின்று எண்ணிப் பார்த்தது' என்று அடித்தேன். யார் எண்ணியது என்று போடவில்லை. கட்டளை கொடுத்தேன். பக்கம் வந்தது.

வழக்கப்படி உரக்கப் படித்தேன். சமையல்கட்டிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் அடுத்த வரிக்கு வந்து மூன்று சாய்கோடு போட்டுவிட்டேன், பழக்கத்தில். அதற்கு மேல் ஒரு பகுதியும் இல்லை. மூன்றையும் அழித்தேன்.