மரியா என்று நீங்கள் அறிந்தவர்

அஜ்மானிலிருந்து துபாய்க்கு டூட்டிக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். ஷார்ஜாவைத் தாண்டும் முன் வழக்கமான நெரிசல், வண்டி அசையவில்லை. அப்போதுதான் நான் பார்த்துக்கொண்டிருந்த மேடத்தின் மகனிடமிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. "அம்மா காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவசரப்பட வேண்டாம் சிஸ்டர், மெதுவாக வாருங்கள்."

"இன்னாலில்லாஹி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் திரும்பி, "யாருக்கா? சொந்தமா?" என்று கேட்டாள். "வேல பாக்குற வீட்டு மேடம். வெள்ளக்காரங்க" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. மூன்று வருடம் பொத்தி வைத்த விஷயம். அவர் இறந்த பிறகும் அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை அவர் மகனிடம், அம்மாவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கள். இனி யாரும் அவரைத் தேடி வர முடியாது" என்றார்.

அதனால் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். கட்டிடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு, வாட்ச்மேன் அண்ணனுக்கு, கிளினிக்கில் அவருக்கு ரத்தம் எடுத்த நம் ஊர் நர்ஸ்களுக்கு. சக்கர நாற்காலியில் வருவாரே, பெயர் கேட்டால் "மரியா, ராட்டர்டாமிலிருந்து வந்த மரியா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒப்பிப்பாரே, அந்த டச்சு மேடம். அவர் பெயர் மரியா இல்லை, எஸ்தர். ராட்டர்டாம் அவர் ஊரும் இல்லை. குண்டு விழுந்து எரிந்துபோன ஊர் அது. அங்கே பிறந்ததாகச் சொன்னால் யாரும் பதிவேட்டைப் புரட்டிச் சரிபார்க்க முடியாது என்பதற்காக ஐந்து வயதில் அவருக்கு அந்த ஊரையும் பெயரையும் சொல்லிக்கொடுத்தார்கள். மாற்றிச் சொன்னால் உன்னையும் கொன்றுவிடுவார்கள், உனக்குச் சோறு போடுகிறவர்களையும் கொன்றுவிடுவார்கள் என்று சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். அவர் யூதர். ஹிட்லரின் ஆட்கள் ஹாலந்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் ஒளிந்து பிழைத்தவர்.

நான் அந்த வீட்டில் ஹோம் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாளில் மகன் எனக்குச் சொன்ன விதி ஒன்றுதான்: கதவைத் தட்டக் கூடாது. காலிங் பெல்லின் இணைப்பைப் பிடுங்கியிருந்தார்கள். எனக்கு ஒரு சாவி கொடுத்தார்கள். ஆன்லைனில் வாங்கும் பொருள் எல்லாம் கீழே வாட்ச்மேனிடமே நிற்கும். மறதி நோய் உள்ளவர்களுக்குச் சத்தம் ஆகாது, அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணை உறைக்குள் காய்ந்த ரொட்டித் துண்டுகள் கிடந்தன. அதையும் நோய் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அவருடைய அடையாள அட்டையைப் புதுப்பிக்க அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு பெயர் கேட்டாள். "மரியா" என்றார். அட்டையில் எஸ்தர் என்று இருந்தது. அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டாள். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. "மரியா. அப்பா அம்மா குண்டு விழுந்து இறந்துவிட்டார்கள். ராட்டர்டாம்" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். டாக்சியில் ஏறிய பிறகு அவர் காதோரம் குனிந்து கேட்டார்: "அந்தப் பெண் எழுதிக்கொண்டாளா?"

அன்றுதான் மகன் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "வெளியே நாங்கள் டச்சுக்காரர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இது நல்ல ஊர்தான். ஆனாலும் வேண்டாம்" என்றார். நான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். என்னை நம்பி அவர் அதைச் சொன்னபோது எனக்கு வந்தது பெருமை இல்லை, பயம். வீட்டில் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மேடத்துக்குச் சில காலைகளில் மனம் தெளிவாக இருக்கும். அப்போது பேசுவார். ஆங்கிலத்தில்தான் பேசினார், எனக்கு எல்லாம் தமிழில் நினைவில் தங்கியிருக்கிறது. "முதலில் கணக்கெடுத்தார்கள், அவ்வளவுதான். யூதர்கள் எல்லாரும் வந்து பெயர் பதிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். அப்பா சட்டத்தை மதிப்பவர். அவரே வரிசையில் நின்று எங்கள் எல்லார் பெயரையும் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்." அப்புறம் பூங்காவுக்கு வரக் கூடாது என்றார்கள். சைக்கிளை ஒப்படைக்கச் சொன்னார்கள். சட்டையில் மஞ்சள் நட்சத்திரத்தைத் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "ஒவ்வொரு தடவையும் அம்மா இதோடு விட்டுவிடுவார்கள் என்று சொன்னாள்" என்றார். அவரை ஒளித்து வைத்த கிராமத்து வீட்டில் அலமாரிக்குப் பின்னால் பலகை அடித்து ஓர் இடம் செய்திருந்தார்களாம். சோதனைக்கு ஆள் வந்தால் அதற்குள் போய்விட வேண்டும். "பூட்ஸ் சத்தம் போன பிறகும் நூறு வரை எண்ண வேண்டும். எனக்கு இருபது வரைதான் தெரியும். அதனால் இருபதை ஐந்து முறை எண்ணுவேன்" என்றார்.

இதற்கிடையில் போர்ச் செய்திகள் வரத் தொடங்கின. உங்களுக்கெல்லாம் தெரியும், அந்த நாட்களில் எந்த வீட்டிலும் கைபேசி ஓயவில்லை. இடிபாட்டிலிருந்து தூக்கிவரும் பிள்ளைகளின் படங்கள். துபாய் தேராவில் மசாலாக் கடையில் நிற்கும் என் கணவர் மதியச் சோற்றுத் தட்டின் முன்னால் அந்தப் படங்களைப் பார்த்து அழுதார். ஒரு நாள் ஆத்திரத்தில், "அந்த யூதன் ஒருத்தன் என் கண்ணுல படட்டும்" என்றார். நான் யோசிக்காமல், "படுக்கையில நனைச்சுட்டு அழுறாங்க மச்சான், எங்க மேடம். அவங்கள என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"யூத வீட்டுலயா நீ வேல பாக்குறே?" என்றார். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் டூட்டிக்குக் கிளம்பும்போது, "இன்னியோட கலாஸ். வேலய விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்துரு" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

அன்று முற்பகல் பதினோரு மணி இருக்கும். மேடத்துக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ இடித்தார்கள். "சபூரா! கதவத் தொற! வா, போகலாம்!" வாட்ச்மேன் அண்ணனுக்கு என் கணவரைத் தெரியும், சந்தேகப்படாமல் மேலே விட்டிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை.

பிடித்துத் தூக்கினால்தான் எழுந்திருக்கும் அந்த அம்மா தானே எழுந்து நின்றார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பலம் இருந்தது. துணி அலமாரியைத் திறந்து, தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே என்னைத் தள்ளினார். "உட்கார். மூக்கால் மூச்சு விடு, வாயால் விடாதே. இருமல் வந்தால் துணியைக் கடித்துக்கொள். நான் கூப்பிடும்வரை வராதே" என்று கிசுகிசுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நான் நாற்பது வயதுப் பெண். வெளியே நிற்பது என் கணவர் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலோடு பதினேழு வருடம் வாழ்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்த இருட்டுக்குள் அந்தக் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது. என் மூச்சுச் சத்தமே எனக்குப் பயமாக இருந்தது. ஓடிப்போய் அவர் விழுந்துவிடாமல் பிடிக்க வேண்டும் என்று புத்தி சொன்னது, கால் எழவில்லை. அவர் செருப்பு தரையில் தேய்ந்துகொண்டு வாசல் பக்கம் போவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். எத்தனை நொடி என்று தெரியாது. அந்த நொடிகளுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

தாழ்ப்பாள் திறந்தது. அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "நான் மரியா. இங்கே வேறு யாரும் இல்லை. நான் மட்டும்தான். வேண்டுமானால் என்னைக் கூட்டிப் போங்கள்."

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. ஓடினேன். மறுபடி தட்டுவதற்காகத் தூக்கிய கையோடு என் கணவர் அப்படியே நின்றிருந்தார். அவர் நெஞ்சு உயரம்கூட இல்லாத அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றார். காலடியில் தரை நனைந்திருந்தது.

"கையக் கீழ போடுங்க மச்சான்" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணலயே சபூரா. ஏன் இப்படி நடுங்குறாங்க?"

"ஒங்கள ஹிட்லரு ஆளுன்னு நெனச்சுட்டாங்க. இவங்க சின்னப் புள்ளயா இருக்கயில வூட்டுல உள்ளவங்கள எல்லாம் புடிச்சுட்டுப் போயிக் கொன்னுட்டானுங்க. இப்ப என்னயப் புடிக்க வந்திருக்கீங்கன்னு அலமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க."

அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். இரண்டு அடி பின்னால் போய் வெளி வராந்தாவில் தரையில் உட்கார்ந்தார். தன்னை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "மம்மா, நோ போலீஸ். ஹஸ்பண்ட். சபூரா ஹஸ்பண்ட்."

மேடம் நம்பவில்லை. நம்பினார் என்று எழுத ஆசைதான், ஆனால் நம்பவில்லை. அன்று முழுவதும் சாப்பிடவில்லை. "எத்தனை பேர் வந்தார்கள்? போய்விட்டார்களா? உன்னைப் பார்த்தார்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் குளிப்பாட்டி உடை மாற்றும்போதும் என் முந்தானையை விடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் கணவர் விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ஃபோன்ல பாக்குற புள்ளைங்களும் நெசந்தான் சபூரா" என்றார்.

"நெசந்தான் மச்சான்."

"இந்தம்மாவும் நெசந்தான்" என்றார். பிறகு, "நாளைக்கு டூட்டிக்குப் போ. நான் அங்க வர மாட்டேன், அவங்க பயப்படுவாங்க" என்றார். சொன்னபடியே கடைசிவரை வரவில்லை.

மேடம் கடைசியாகத் தெளிவாகப் பேசிய காலையில் தம்பியைப் பற்றிச் சொன்னார். ஏழு மாதக் கைக்குழந்தை. இரண்டு பிள்ளைகளையும் ஒளித்து வைக்க இடம் தேடியிருக்கிறார்கள். "அழுகிற குழந்தையை யாரும் ஒளித்து வைக்க மாட்டார்கள், சிஸ்டர். எனக்கு அழாமல் இருக்கத் தெரியும். அதனால் என்னைக் கொடுத்தார்கள்." யாரோ ஒரு பெண் வந்து கூட்டிப்போனபோது, தம்பியை மட்டும் அம்மா வைத்துக்கொள்கிறாளே என்று இவருக்குக் கோபம். தெருமுனையில் அந்தப் பெண், அம்மாவுக்குக் கை காட்டு என்றாளாம். இவர் காட்டவில்லை. போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கிழக்கே போலந்துக்குப் போன ரயிலில் மூன்று பேர் பெயரும் இருந்தது. இறங்கிய அன்றே முடித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. "கோபத்தில் இருந்தேன், அதனால்தான் கை காட்டவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். நானும் தாய். "தெரியும்மா. தாய்க்குத் தெரியும்" என்றேன். அன்றுதான் முதல்முறையாக மேடம் என்று கூப்பிடாமல் அம்மா என்று கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்னவென்று யோசித்துப் பார்க்கிறேன். பொருள் எதுவும் இல்லை. மகன் எடுத்துக்கொள்ளச் சொன்ன சால்வையை நான்தான் வேண்டாம் என்றேன். எனக்கு மிஞ்சியது ஒரு பயம். "அவனுங்க எல்லாரும்", "ஒருத்தர் விடாம" என்ற பேச்சைக் கேட்டால் அந்தப் பயம் வந்துவிடுகிறது. யாரைப் பற்றிச் சொன்னாலும்தான். முஸ்லிம்களான எங்களைப் பற்றி அப்படிப் பேசுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள்; அந்தப் பேச்சையும் காது கேட்டிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் உறவினர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு போருக்குப் போனது. என் கணவரின் தாய்மாமன், நல்ல மனிதர், எங்கள் கல்யாணத்தை நடத்தி வைத்தவர், "அந்த ஹிட்லரு அன்னிக்கே ஒருத்தனையும் மிச்சம் வெக்காம முடிச்சிருக்கணும்" என்றார். இதே சொல்லை எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டே சோறு பரிமாறியிருக்கிறேன். அன்று கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மாமா, அந்த மிச்சத்துல ஒருத்தங்கள மூணு வருஷம் நான் குளிப்பாட்டியிருக்கேன். போன மாசந்தான் மவுத்தானாங்க. சொல்லட்டுமா?"

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். தட்டிலிருந்து தலை நிமிராமல் என் கணவர், "சொல்லு" என்றார். எஸ்தர் என்ற பெயரிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.