என் வீட்டுக்காரரின் ரிலீவர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு ரிலீவர் இருக்கிறாள். கம்பெனி வேலை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே மிஷினை ஷிஃப்ட் மாற்றி ஓட்டுகிறவர்களில் ஒருவருக்கு மற்றவர் ரிலீவர். காலை ஷிஃப்ட் அவள், மதியம் இவர். மிஷின் எப்படி ஓடியது, எங்கே மக்கர் பண்ணியது என்று இவரிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். அதற்கு ஹேண்டோவர் என்று பெயர். பத்து நிமிஷம் பிடிக்குமாம்.

அவர் கம்பெனி இருக்கிற ஓசூரிலேயே நான் ஒரு தையல் கம்பெனியில் பகல் வேலைக்குப் போகிறவள். நான் கிளம்பும்போது அவர் தூங்குவார், அவர் வரும்போது நான் தூங்குவேன். தாலி கட்டிக்கொண்ட எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவளுக்குத் தினமும் பத்து நிமிஷம். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவள் அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டால் போதுமா?

அதனால்தான் சண்டை போட்டு லீவு எடுக்கவைத்து அவரை ஏற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரெண்டு நாள், அவர் முழுக்க எனக்கு. சேலத்தில் மலை பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டியது. அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கி என் மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தார். குமட்டல் நின்ற பிறகும் நான் சொல்லவில்லை.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு ஏரியில் பெடல் படகு எடுத்தோம். ரெண்டு பேரும் மிதிக்க வேண்டும், திருப்புகிற கம்பி அவர் கையில். நடு ஏரிக்குப் போனதும் அவர் போன் அடித்தது. அவள்தான். இவருக்குப் பதிலாக வந்த ஆளுக்கு மிஷின் பிடிபடவில்லை, சத்தம் வேறு மாதிரி வருகிறதாம் என்று போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

அவர் கம்பியை விட்டார், மிதிப்பதையும் விட்டார். தெலுங்கில் பேச ஆரம்பித்தார். அவள் வேப்பனப்பள்ளிக்காரி, இவர் வீட்டிலும் தெலுங்குதான். நான் தருமபுரிக்காரி, எனக்கு ஒரு எழவும் புரியாது. போனை மிஷின் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார் போலிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஒரு நாளாவது நான் பேசியதை அப்படிக் கேட்டிருப்பாரா? நான் தனியாக மிதிக்க மிதிக்கப் படகு ஒரே இடத்தில் சுற்றியது. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கரையேறி பஜ்ஜிக் கடைக்குப் போனோம். கோபத்திலும் பழக்கம் விடுமா?

"ரெண்டு டீண்ணா. ஒண்ணுல சக்கரை தூக்கலா" என்றேன்.

"எனக்குச் சக்கரை வேணாம்" என்றார் அவர். "சுகர் ஆரம்பிச்சிருக்குன்னு கம்பெனி டாக்டர் சொல்லிட்டார்."

"எப்போ?"

"ஆடியில."

அப்போது கார்த்திகை. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவருக்கு ஃபிளாஸ்க்கில் டீ போட்டு வைத்துவிட்டுப் போகிறவள் நான். பேச நேரமில்லாத வீட்டில், உன்னை நினைத்தேன் என்று சொல்ல எனக்கு இருந்தது அந்த டீ ஒன்றுதான். அதனாலேயே சர்க்கரையை அள்ளிப் போடுவேன்.

"அப்ப நான் போட்டு வச்சதையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"குடிச்சேன். நீ போட்டதாச்சே."

"அவளுக்குத் தெரியுமா?"

அவர் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே, "அவதான் தினமும் திட்டறா, அக்காகிட்ட சொல்லுங்கண்ணான்னு" என்றார். என் புருஷனிடம் எனக்காகப் பரிந்து பேச அவள் யார்? பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். ஊர் வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலை டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றவில்லை. சர்க்கரை இல்லாமல் ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு போய் அவரை உலுக்கி எழுப்பினேன்.

"ஹேண்டோவர் குடுங்க."

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். நின்று நின்று இடது முட்டி வலிக்கிறது என்றார். பிறகு டீயை ரெண்டு வாய் குடித்துவிட்டு, தலையைத் தூக்காமல், மூன்றாவதாக ஒன்று சொன்னார்.

வெளியே என் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"முதல் ரெண்டும் தெரியும்."

மூன்றாவது என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன். அது எனக்கு மட்டும்.